ஒத்தக் கை ரக்கூன்

எல்லாரும் இதத்தான் கேக்காவ அண்ணாச்சி. நீங்களும் கேட்டிய, அதுல தப்பு இல்ல. பொண்டாட்டி அமெரிக்கால, புருஷன் உடன்குடி பஸ்ஸுலன்னா கேக்கத்தான் தோணும். சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாது. வாரத்துக்கு ரெண்டு மட்டம் போன் போடுதா, நானும் பேசுதேன். இங்க வீடு பூட்டிக் கெடந்துது. சுத்துச்சுவரு மழையில விழுந்துட்டு. ஒரு ஆம்பள இருந்து பாக்கணும்லா, அதுக்குத்தான் வந்தேன். வந்து பதினோரு மாசம் ஆவுது. செவரு கட்டியாச்சு.

இன்னும் நாசரேத்தே வரல. உங்களுக்குத் தூக்கம் வரலன்னா சொல்லுதேன்.

எம் பேரு தேவாசீர். அவ பேரு எப்சிபா. கெமிஸ்ட்ரி டீச்சர். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல ஒம்பது வருஷம் வேலை பாத்தா. அமெரிக்கால வாத்தியாரு கெடைக்காத பட்டிக்காட்டுக்கெல்லாம் நம்ம ஆளுகள மூணு வருஷ விசாவுல எடுக்கான். எழுதிப் போட்டா, கெடைச்சிட்டு. நானும் கூடப் போனேன். ஏன்னா அவ பயந்த சுபாவம் அண்ணாச்சி. தனியா விட முடியாது.

ஆர்கன்சான்னு ஒரு மாநிலம். நீங்க நெனைக்க மாதிரி மாடிக்கு மேல மாடி எல்லாம் அங்க இல்ல. வயக்காடு. நெல்லு கூட வெளையுது. வயல் முடிஞ்சா காடு, காடு முடிஞ்சா ஒரு சர்ச்சு, ஒரு பெட்ரோல் பங்கு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல இருந்து ஆறு மைல் தள்ளி எங்க வீடு. அவ கார் ஓட்டப் படிச்சு தானே போயிட்டு வந்துருவா. எனக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஓட்டுதது சரிப்பட்டு வரல. பகல் பூரா நான் மட்டுந்தான் வீட்டுல. கூப்பிடு தூரத்துல ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்காரன் பேரு ஹார்லன்.

எழுவது வயசு இருக்கும். ஆறடி ஆளு. நெஞ்சு வரைக்கும் தாடி, தாடியில பொகையில எச்சி. நாலு நாயி வச்சிருந்தான், ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி ஒசரம். வண்டியில கண்ணாடிக்குப் பின்னால ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கும். நாங்க போய் எறங்குன அன்னைக்கு அவன் வீட்டு முன்னால மரத்துல என்னமோ தொங்குது. பாத்தா, ஏதோ ஒரு சீவனத் தலகீழாக் கட்டித் தோல உரிச்சிக்கிட்டு இருக்கான். எங்களப் பாத்ததும் கையில இருந்த கத்தியத் தூக்கிக் காட்டுதான். எப்சிபா பதிலுக்குக் கையக் காட்டிச் சிரிக்கா. நான் அவளப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் கதவப் பூட்டுனேன்.

"வணக்கம் சொல்லுதாரு அத்தான்"ங்கா.

கத்தியால ஒருத்தன் வணக்கம் சொல்லுவானா? நீங்களே சொல்லுங்க.

அது ரக்கூன். நம்ம மரநாய் இருக்கு பாத்தியளா, அந்தச் சாதி மாதிரி ஒண்ணு. கண்ணச் சுத்திக் கறுப்பா ஒரு பட்டை, திருடன் துணி கட்டுன மாதிரி. வாலுல வளையம் வளையமா இருக்கும். அந்த ஊருல அத நாய விட்டு மரத்துல ஏத்தி, சுட்டு, தின்னுதாவ. எப்சிபா ஊரு கடையம் பக்கம். அவ அப்பா பனையேறி. பதநி குடிக்க வார மரநாயப் பிடிச்சு அவங்க வீட்டுலயும் ஆக்கியிருக்காவளாம். அதனால அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் பெருசாத் தெரியல. நாங்க கறிக்கடை ஆட்டுக்கறிய விட்டு எதையும் தொடாத குடும்பம்.

வேலிப் பக்கம் போகாதன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். கேக்க மாட்டா. தெனம் காலையில கார எடுக்கும்போது அந்தாளு கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவா. பயந்தவங்க அப்படித்தான் அண்ணாச்சி, பயத்துல சிரிச்சுப் பேசிருவாவ.

சனவரி மாசம் ஐஸ் மழை பெஞ்சுது. எனக்கு அதுக்கு முன்னால அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது. வாரது மழைதான், விழுந்ததும் கண்ணாடி. கம்பி, மரம், வாசப்படி, காரு, எல்லாத்துக்கும் மேல ஒரு விரக்கடை கண்ணாடி. பாரம் தாங்காம மரக்கெளை ஒடியுது. ஒவ்வொண்ணும் வேட்டுப் போட்ட மாதிரி டமார் டமார்னு கேக்கும். மொத நாளே கரண்டு போயிட்டு. ரோட்டுல மரம் விழுந்து வண்டி கெடையாது. போன்ல சார்ஜ் தீந்துட்டு. ஒரு சிலிண்டர் அடுப்பு மட்டும் எரியுது. போர்வையப் போத்திக்கிட்டு அடுப்பங்கரையிலேயே கெடந்தோம். அந்தக் கூதல்லயும் அவ ஜன்னல நாலு விரல் தெறந்து வச்சிருக்கா. "அடுப்பு எரியுத வீட்டுல காத்துப் போக்குவரத்து வேணும் அத்தான்"ங்கா. நான் சொன்னேன் பாத்தியளா, எதுக்கெடுத்தாலும் பயம்.

மூணாம் நாள் காலையில கதவுல ரெண்டு தட்டு.

அவ தூங்கிக்கிட்டு இருந்தா. நான் மூச்சு விடல. திரைச்சீலை இடுக்கு வழியாப் பாத்தேன். ஹார்லன் முதுகு. தோள்ல துப்பாக்கி. பைய நடந்து அவன் வீட்டுக்குப் போறான். கால் மணி நேரம் கழிச்சுத்தான் கதவத் தெறந்தேன். வாசப்படியில ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, பெயிண்ட் வாளி மாதிரி. மூடியத் தூக்குனேன்.

உள்ள ஒரு கை அண்ணாச்சி.

கறுத்த கை. அஞ்சு விரலு. விரலுக்கு நகம் இருக்கு, உள்ளங்கையில ரேகை இருக்கு. ஒண்ணரை வயசுப் பிள்ள கை அளவு. அதுக்கு அந்தால தோல் இல்லாத செவந்த ஒடம்பு சுருண்டு கெடக்கு. தலை இல்ல. மத்த மூணு காலும் கணுவோட வெட்டியாச்சு. அந்த ஒரு கைய மட்டும் வெட்டாம விட்டு, மேல தெரியுத மாதிரி வச்சிருக்கான். எதுக்கு விட்டான்? நாளைக்கு உனக்கும் இதான்னு காட்டுதான். எனக்கு அப்படித்தான் பட்டுது. கதவப் பூட்டி, சாப்பாட்டு மேசைய இழுத்து அதுமேல முட்டுக் கொடுத்தேன்.

மேசை இழுத்த சத்தத்துல அவ எந்திரிச்சிட்டா. விஷயத்தச் சொன்னேன். மேசையத் தள்ளிட்டு வெளிய போய்ப் பாக்கா.

"ரக்கூன் கறி கொடுத்துருக்காரு. அடியில சீனிக்கெழங்கு கூட ரெண்டு வச்சிருக்காரு."

"அந்தக் கை எதுக்கு?"

"தெரியல. கேட்டுட்டு வாரேன்."

போகாதன்னு சொன்னேன். கையப் பிடிச்சேன். அவ ஷூவுக்கு மேல என் காலுறைய மாட்டிக்கிட்டா, ஐஸ்ல வழுக்காதாம். போயிட்டா. நான் திரைச்சீலைக்குப் பின்னால நின்னேன். இப்ப சுடுவான், இப்ப நாய அவுத்து விடுவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் கையக் கைய ஆட்டி என்னமோ சொல்லுதான். இவ தலைய ஆட்டுதா. திரும்பி வரும்போது சிரிச்சிக்கிட்டே வாரா.

"தோல உரிச்சிட்டா பூனையும் ரக்கூனும் ஒண்ணு போலத்தான் இருக்குமாம் அத்தான். அதனால யாருக்காவது கொடுக்கும்போது ஒரு கைய விட்டுக் கொடுக்கணுமாம். பூனையில்ல, நம்பித் தின்னுன்னு அர்த்தமாம். மரியாதைக்கு விட்டுருக்காரு."

எனக்கு அப்பவும் நம்பிக்கை வரல. அவகிட்ட ஒண்ணும் சொல்லல. அவ பயந்துருவா.

எப்படி ஆக்கணும்னும் அந்தாளுகிட்டயே கேட்டுட்டு வந்துட்டா. முன்னங்கால் கக்கத்துலயும் முதுகுலயும் மொச்சக்கொட்டை அளவு மஞ்சக் கட்டி இருக்கும், அத எடுத்துரணும். ஒண்ணு விட்டாலும் கறி பூரா நாறிப்போவும். அப்புறம் கொழுப்பு பூரா சீவணும். அவ ஒக்காந்து விரலால தடவித் தடவிப் பாத்து ஒண்ணொண்ணா எடுத்தா. அந்தக் கையக் கணுவோட வெட்டிப் பேப்பர்ல சுத்தி என்கிட்ட நீட்டுதா, வெளிய போடுங்கன்னு. நான் வாங்கல. அவளே போட்டா. கறிய உப்புத் தண்ணியில ஒரு நா முழுக்க ஊறப் போட்டா. மறுநா மதியம் ஒரு வேகாடு வேவிச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஊர்ல இருந்து கொண்டுபோன மசாலாப்பொடி, அள்ளி அள்ளி நல்லமொளவு, அந்தச் சீனிக்கெழங்கையும் வெட்டிப் போட்டு சுண்டச் சுண்ட வதக்குனா. வாசன நல்லாத்தான் வந்துது. பொய் சொல்லக் கூடாது.

அவ சாப்பிட்டா. நான் பருப்புஞ்சோறு தின்னேன். அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா பாத்துக்கிட ஒருத்தன் நல்லா இருக்கணும்லா.

சாப்பிட்டு முடிச்சிட்டு ஒரு சட்டியில கறிய எடுத்து மூடுதா. "கொடுத்தவருக்குக் கொடுக்காமத் தின்னா நல்லா இருக்காது. வாங்க, ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்"ங்கா. மணி மூணு இருக்கும். நல்ல வெயில் அண்ணாச்சி, ஆனா ஒரு துளி உருகல. கண்ணு கூசுது. நான் அவளத் தனியா விடக்கூடாதுன்னு கூடப் போனேன்.

நாயி நாலும் கம்பிக்கூட்டுக்குள்ள இருந்து மேல மேல பாயுது. கொலைக்கல, ஊளையிடுது. எனக்கு வேலியத் தாண்டிக் கால் வரல. எப்சிபா சட்டிய என் கையில கொடுத்துட்டு முன்னால போனா. கதவத் தட்டுனா. சத்தம் இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா. சத்தம் இல்ல. ஜன்னல்ல மொகத்த வச்சுப் பாத்தா. அப்புறம் கதவத் தோளால இடிச்சுத் தெறந்தா.

தெறந்த கதவு வழியா எனக்கும் தெரிஞ்சுது. அடுப்பங்கரைத் தரையில அந்தாளு மல்லாக்கக் கெடக்கான். கன்னம் ரெண்டும் செவசெவன்னு, கடையில வாங்குன பொம்மை மாதிரி. பக்கத்துல ஒரு இரும்புத் தொட்டி, வெளிய வச்சுக் கறி சுடுத தொட்டி. அதுல நெறைய கரி, கனிஞ்சு கெடக்கு. கரண்டு இல்ல, கூதலுக்கு அத உள்ள கொண்டு வந்து வச்சு எல்லாக் கதவையும் அடைச்சிருக்கான். அந்தக் கரியில இருந்து ஒரு வாயு வருமாம். மணம் இல்ல, பொகை இல்ல, ஆளத் தூங்க வச்சே கொன்னுருமாம். இதெல்லாம் பொறவு எப்சிபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ பாத்த உடனே புரிஞ்சிக்கிட்டா.

எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? செத்துட்டான். நம்ம கையில கறிச்சட்டி. நேத்து அவன் கறி கொடுத்தான், இன்னைக்குச் செத்துக் கெடக்கான், நாம அவன் வாசல்ல நிக்கோம். போலீசு வந்தா என்ன சொல்லுவான்? வெளிநாட்டுக்காரன் ஆக்கிக் கொடுத்துக் கொன்னுட்டான்னு சொல்லுவான். விசா போயிரும். செயிலு. ஊருக்குப் பெட்டியில கூட வர முடியாது. இது பூரா ஒரு நொடியில தோணிட்டு அண்ணாச்சி.

எப்சிபா நல்லா ஒரு மூச்ச இழுத்துட்டு உள்ள போனா. ஜன்னல ஒடைச்சா. அந்தாளு ரெண்டு கக்கத்துலயும் கையக் கொடுத்து இழுக்கா. ஆறடி ஆளு. இவ என் தோளுக்குக் கூட வர மாட்டா. ஒரு அடி இழுப்பா, வெளிய வந்து மூச்சு விடுவா, திரும்பி உள்ள போவா. "அத்தான், வாங்க"ன்னு கூப்பிட்டா. ரெண்டு மட்டம் கூப்பிட்டா. மூணாவது மட்டம் கூப்பிடல.

நான் வேலியண்டை நின்னு சத்தம் போட்டேன். நாயிச் சத்தத்துக்கு மேல கேக்குத மாதிரிப் போட்டேன். என் ஆயுசுல அப்படிச் சத்தம் போட்டது கெடையாது.

அந்தாள வாசல் வரைக்கும் இழுத்துப் போட்டுட்டா. அப்புறம் திரும்பியும் உள்ள போறா. எதுக்குன்னா, அவன் வீட்டுச் செவத்துல பழைய கம்பிப் போன் ஒண்ணு இருக்கு, கரண்டு இல்லன்னாலும் அது பேசும். அந்தப் பொகை இல்லாத வெசத்துக்குள்ள நின்னு ஆம்புலன்சுக்கு விலாசம் சொல்லுதா. நான் விடாம சத்தம் போடுதேன். வெளிய வந்தவ அப்படியே முழங்கால் போட்டு வாந்தி எடுத்தா. தின்ன ரக்கூன் பூரா ஐஸ் மேல கெடக்கு.

மரத்த அறுத்துக்கிட்டே வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிட்டு. அந்தாளுக்கும் மொகமூடி வச்சு ஆக்சிசன் கொடுத்தான், அவளுக்கும் கொடுத்தான். ஒரு தீயணைப்புக்காரன் என்கிட்ட வந்து, "சார், அதக் கீழ வச்சிரலாம்"ங்கான். பாத்தா, கறிச்சட்டி இன்னும் என் ரெண்டு கையிலயும் இருக்கு. விரல விரிக்க முடியல. அவன்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு ஹார்லன் வீட்டுக்கு வந்துட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வீட்டுக் கதவத் தட்டுதாரு. தாடிய வெட்டியிருந்தாரு. கழுத்து ஒடுங்கி, ஒரு மாதிரி சின்ன ஆளா ஆயிட்டாரு. கையில வாளி. அதுல இன்னொரு ரக்கூன், இன்னொரு கை. நாயி கூட அவரு மச்சினன் போய்ச் சுட்டுட்டு வந்ததாம்.

எப்சிபா அவர மறுநா ராத்திரிக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. அன்னைக்கு எனக்குத் தப்பிக்க வழி இல்ல. மூணு பேரும் ஒரே மேசை. எனக்கு எதுத்தாப்ல அவரு. என் தட்டுல சோறு, அதுமேல ரெண்டு துண்டு கறி, ஒரு துண்டு கெழங்கு. நான் கெழங்கப் பிட்டுக்கிட்டு இருக்கேன். எனக்குக் கறிக்குப் பயம் இல்ல அன்னைக்கு. அந்தாளு வாயத் தெறந்து நீ அன்னைக்கு எங்க நின்னன்னு கேட்டுருவாரோன்னு பயம்.

அவரு முள்ளுக்கரண்டியக் கீழ வச்சாரு. என்னயப் பாத்துச் சொல்லுதாரு. அவங்க பேச்சு இழுத்து இழுத்துத்தான் இருக்கும், அன்னைக்கு இன்னும் பைய சொன்னாரு, எனக்கு வெளங்கணும்னு.

"தரையில கெடக்கும்போது என்னால கண்ணத் தெறக்க முடியல. கை கால் அசையல. ஆனா காது கேட்டுது. ஒரு ஆம்பளக் குரல். விடாமக் கூப்பிட்டுது. பாஷை புரியல. ஆனா யாரோ என்னயத் திரும்பி வரச் சொல்லுதாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. என் பொஞ்சாதி செத்தப்புறம் அந்த மாதிரி யாரும் என்னயக் கூப்பிட்டதில்ல. அந்தக் குரலப் பிடிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். அது நீங்கதான்னு தெரியும்."

நான் என்ன சத்தம் போட்டேன்னு உங்ககிட்ட சொல்லல பாருங்க. "எப்சி, அவன் செத்துட்டான், விட்டுட்டு வா. பழி நம்ம மேல வரும், வா. அவன் கெடந்துட்டுப் போறான், நீ வா." இதத்தான் போட்டேன். முக்கால் மணி நேரமும் இதத்தான் போட்டேன். அந்த ஊருல அது புரிஞ்ச ஆளு ஒருத்திதான்.

நான் அவள நிமிந்து பாக்கல. கரண்டி சட்டியில படுத சத்தம் மட்டும் கேட்டுது. அவ சொன்னா, இங்கிலீசுல, நல்லாத் தெளிவா: "ஆமா. அவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு."

சொல்லிட்டு என் தட்டுல இன்னொரு துண்டு கறி வச்சா.

அந்தாளு மேசைக்கு மேல கைய நீட்டுதாரு. என் கை பூரா கொழம்பு. நான் தொடைக்கப் போறேன், அதுக்குள்ள பிடிச்சிட்டாரு. பெரிய கை அண்ணாச்சி. என் கொழம்பு பூரா அவரு கையிலயும் ஆயிட்டு. அப்புறம் கறியத் தின்னேன். வச்சதப் பூராத் தின்னேன். எப்படி இருந்துதுன்னு கேக்காதிய, தெரியாது.

அவரு போன பொறவு, ஏன் அப்படிச் சத்தம் போட்டியன்னு எப்சிபா கேப்பான்னு பாத்தேன். தட்டு கழுவும்போது கேப்பா, வெளக்கணைக்கும்போது கேப்பான்னு. கேக்கல. மறுநா காலையில சிரிச்சிக்கிட்டே வேலைக்குப் போனா. சாயந்தரம் கார் சத்தம் கேட்டாலே கதவுப் பக்கம் போய் நின்னுருவேன், இன்னைக்குக் கேட்டுருவான்னு. ரெண்டு மாசம் அப்படிக் காத்துக் கெடந்தேன். துப்பாக்கிக்குப் பயந்தேன், நாய்க்குப் பயந்தேன், வாளிக்குப் பயந்தேன், அதெல்லாம் ஒரு பயமா? கதவப் பூட்டிட்டா அது வெளிய நின்னுரும். இது வீட்டுக்குள்ள சோறு போடுது, சட்டையத் தேச்சு வைக்கு, "மாத்திரை போட்டீங்களா அத்தான்"னு கேக்கு. செவரு விழுந்துட்டுன்னு ஊர்ல இருந்து போன் வந்ததும் டிக்கெட் போட்டுட்டேன். வழியனுப்ப ஏர்போட்டு வரைக்கும் மூணு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்தா. அப்பவும் கேக்கல.

போன வாரம் பேசும்போது, எப்ப வாறீங்கன்னு கேட்டா. பாக்கலாம்னு சொன்னேன்.

அவ ஒரு வார்த்த ஏசியிருந்தான்னா அண்ணாச்சி, ஒரே ஒரு வார்த்த, நான் அங்கனயே இருந்துருப்பேன்.